2,499 ரூபாய் புடவை 999-க்கு: நமக்கு மிச்சமானது எவ்வளவு?

ஆடி பிறந்துவிட்டால் துணிக்கடைகளில் நிற்க இடமிருக்காது. விலைச்சீட்டில் 2,499 என்று போட்டு, குறுக்கே ஒரு கோடு. கீழே சிவப்பில் 999. ‘ஆயிரத்து ஐந்நூறு ரூபா மிச்சம்’ என்று வீட்டில் வந்து சொல்கிறோம். பையிலிருந்து 999 ரூபாய் போனது கணக்கிலேயே வருவதில்லை.

அடித்துவிட்ட விலையை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்?

உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றுவார்கள். அது 10-ல் அல்லது 65-ல் மட்டுமே நிற்கும்படி முன்பே அமைத்திருந்தார்கள். பிறகு ஒரு கேள்வி: ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்? 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65-ஐப் பார்த்தவர்களுக்கு அது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் மனதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு நங்கூர விளைவு என்று பெயர். ‘பட்ஜெட் எவ்வளவு மேடம்?’ என்று கேட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள புடவையை முதலில் விரித்துப் போடுவதும் இதே வேலைதான்.

‘இதெல்லாம் எனக்குத் தெரியும், நான் ஏமாற மாட்டேன்’ என்பீர்கள். சிக்கலே அங்கேதான். அமெரிக்காவின் அரிசோனாவில் வீடு விற்பனை முகவர்களை ஒரே வீட்டுக்கு அழைத்துப்போய், ஆளுக்கு ஒரு கேட்பு விலை எழுதிய விவரத்தாளைக் கொடுத்தார்கள். 1987-ல் வெளியான ஆய்வு இது. கூடுதல் விலையைப் பார்த்தவர்கள் வீட்டைக் கூடுதலாகவே மதிப்பிட்டார்கள். அந்த விலையை வைத்து முடிவெடுத்ததாக அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. தொழிலே அதுவாக இருப்பவர்களுக்கே இந்த நிலை!

ஆகவே, பெரியவர்களுக்கு இதைக் கற்றுத்தரும்போது விளக்கத்தோடு நிறுத்தினால் போதாது, பழக்கம் வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு மனதை மாற்றுவது கஷ்டம். பார்ப்பதற்கு முன்பே நம் எண்ணை எழுதிவிட வேண்டும். என்ன வாங்கப் போகிறோம், அதற்கு அதிகபட்சம் எவ்வளவு தருவோம் என்று கிளம்பும்போதே ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ‘கடையில போய்ப் பாத்துக்கலாம்’ என்பது கடைக்காரருக்குத்தான் வசதி. கடையில் நின்று கேட்டுக்கொள்ள ஒரு கேள்வியும் உண்டு: வெறுமனே 999 என்று மட்டும் போட்டு மாட்டியிருந்தால் இதை எடுத்திருப்பேனா?

எம்.ஆர்.பி.யையும் நிஜ விலை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பொருள்களுக்கு அதை அரசு நிர்ணயிப்பதில்லை. நிறுவனமே அச்சிடுகிறது, அதற்கு மேல் விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

செல்போன் திரையில் கோடு போட்ட விலையோடு அவசரமும் சேர்ந்துகொள்கிறது. ‘கடைசி 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது உள்ளிட்ட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பட்டியலிட்டிருக்கிறது. இவற்றில் சிக்கினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பில்லையும், அந்தத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.