டிஸ்சார்ஜுக்குப் பிறகு தொடங்கும் பயம்

குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்கள், குழந்தை எங்கள் வார்டில் இருக்கும்வரை அதிகம் அழுவதில்லை. பால் பீய்ச்சிக் கொண்டுவருவார்கள். "இன்னைக்கு எத்தனை கிராம் சிஸ்டர்?" என்று கேட்பார்கள். அவர்கள் உடைவது வீட்டுக்குப் போன பிறகுதான். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு, எடை பார்க்கவும் கண் பரிசோதனைக்கும் அவர்கள் திரும்பி வரும்போதுதான் அது தெரியவருகிறது.

ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு நாள் குறித்திருந்த வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. 28 வாரத்தில் மகன், 960 கிராம். சில மாதம் கழித்து வந்தபோது பையன் கன்னம் உப்பி இருந்தான், அவள்தான் துரும்பாகியிருந்தாள். "ராத்திரி முழுக்க அவன் மூக்குகிட்ட விரல வச்சுக்கிட்டே உக்காந்திருக்கா சிஸ்டர்" என்றார் கணவர். தெருவில் வேன் பின்னோக்கி வரும்போது 'பீப்... பீப்...' சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு மகனிடம் ஓடுகிறாளாம். மாமியாருக்கு எரிச்சல்: "அதான் புள்ள பொழச்சிருச்சே, இன்னும் என்ன?"

அந்தச் சத்தம் எங்கள் மானிட்டரின் சத்தம். மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகளின் மூளை மூச்சு விடுவதையே அவ்வப்போது மறந்துவிடும். ஆக்சிஜன் அளவு இறங்கும், அலாரம் அடிக்கும், நாங்கள் பாதத்தைச் சுண்டுவோம், மூச்சு திரும்பும். எங்களுக்கு இது ஒரு டியூட்டியிலேயே பலமுறை நடப்பது. பெற்றவளுக்கோ ஒவ்வொரு முறையும் பிள்ளை கண்ணெதிரே செத்துப் பிழைக்கிறது.

தாயை விடாத இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது இடம்பெற்ற ஆண்டு 1980. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் துன்பம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு வேறு, இது வேறு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். சோர்வில் எதிலும் பிடிப்பு இருக்காது. இதிலோ நடந்து முடிந்தது மறுபடி மறுபடி நடக்கும்: கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை, ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமே போக மறுப்பது. சிலர் பிள்ளையைத் தூக்கவே பயப்படுவார்கள். அதைப் பாசமில்லை என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

போதாக்குறைக்குக் குற்ற உணர்வு. பஸ்ஸில் போனேனே, குடம் தூக்கினேனே என்று குமைவார்கள். குறைப்பிரசவத்துக்கு உயர் ரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் கரு என்று காரணங்கள் பல. பல சமயம் காரணமே பிடிபடாது. 'எட்டாம் மாதப் பிள்ளை தங்காது' என்று வீட்டில் பேசுவதும் தவறு. வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான்.

எங்களால் முடிந்த நல்ல மருந்து, குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் கிடத்துவது. கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறைக்கு நடுவே, 1978இல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறை இது. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. குழந்தையின் நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால், மரணம் கால் பங்கு குறைகிறது என்று அது காட்டியது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. அந்த ஆய்வு குழந்தைகளின் உயிரைப் பற்றியது. நான் பார்ப்பது தாய்மார்களை. கண்ணாடிக்கு வெளியே பார்வையாளராக நின்றவள், பிள்ளையின் சூடு நெஞ்சில் பட்டதும் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறாள், எங்களை அதட்டவும் செய்கிறாள். அது எனக்குப் பிடிக்கும்.

கங்காரு முறை மட்டும் எல்லோருக்கும் போதாது. அதிர்ச்சியை நேராகப் பேசித் தீர்க்கும் சிகிச்சை உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ரிச்சர்ட் ஷாவின் குழு, குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஆறே அமர்வுகளில் அதைக் கொடுத்துப் பார்த்தது, பயம் குறைந்தது. நான் சொன்ன பெண்ணும் மனநல மருத்துவரிடம் போய்வருகிறாள். இரவில் பாதி நேரம் கணவர் விழித்திருக்க, அவள் தூங்குகிறாள்.

டிஸ்சார்ஜ் தாளில் தடுப்பூசி, கண், காது, எடை எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. தாயின் மனதுக்கு ஒரு வரி இல்லை. நான் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்: அரசின் மனநலத் தொலைபேசி உதவி, டெலி மானஸ், 14416. காசு கிடையாது, நடுராத்திரியிலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.