எலும்பின் விளிம்பு எங்கே?

திரியாய் என்ற ஊரில் விழுந்து முகத்தில் அடிபட்ட ஒருவருக்குப் பெரிய வைத்தியசாலையொன்றில் சி.ரி. ஸ்கான் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் திரையில் மண்டையோட்டைச் சுழற்றிப் பார்க்கிறார். அது புகைப்படம் போலவே இருக்கும். ஆனால் ஸ்கான் இயந்திரம் எந்த மேற்பரப்பையும் பதிவு செய்வதில்லை. உடலைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை மட்டுமே தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. கெட்டியான எலும்பு 1000ஐயும் தாண்டும்.

அந்த எண்களிலிருந்து உருவத்தை எடுக்கும் புகழ்பெற்ற வழியை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் லொரன்சனும் ஹார்வி கிளைனும் 1987இல் வெளியிட்டார்கள். அதன் பெயர் 'மார்ச்சிங் கியூப்ஸ்'.

அருகருகே உள்ள எட்டு எண்களை ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளாகக் கொள்கிறார்கள். 300க்கு மேலே இருந்தால் எலும்பு என்று ஒருவர் முடிவு செய்கிறார். ஒவ்வொரு மூலையும் அதற்கு மேலா, கீழா என்று பார்த்தால் 256 அமைப்புகள் வரும். ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்தால் 15தான். எந்த அமைப்புக்கு எப்படி முக்கோணம் போடுவது என்பது அட்டவணையில் தயாராக இருக்கிறது. ஒரு மூலையில் 100, பக்கத்து மூலையில் 500 என்றால், முக்கோணத்தின் முனை இரண்டுக்கும் நட்டநடுவில் விழும். கணினி இப்படியே ஒவ்வொரு கனசதுரமாக நகர, இலட்சக்கணக்கான முக்கோணங்கள் சேர்ந்து மண்டையோடாகின்றன.

சில அமைப்புகளை இருவிதமாக இணைக்கலாம் என்பதால் முக்கோண வலையில் ஓட்டை விழக்கூடும். அதைப் பிற்காலத்தவர் சரிசெய்துவிட்டார்கள். அந்த 300தான் இன்னும் கவனிக்க வேண்டியது. கண்குழியின் அடித்தள எலும்பு மிக மெல்லியது. அதைச் சுற்றியுள்ள காற்றும் கொழுப்பும் அதே கட்டத்துக்குள் கலந்துவிடுவதால் எண் தாழ்ந்து, உடையாத எலும்பிலும் ஓட்டை தெரியும். அதனால் வைத்தியர்கள் முப்பரிமாணப் படத்தை மட்டும் நம்பாமல் அடுக்குப் படங்களையும் பார்க்கிறார்கள். நோயாளிகளும் இதை அறிந்திருப்பது நல்லது.

எலும்புக்கு 300 போன்ற ஓர் எல்லை எண் ஓரளவு உதவினாலும், மூளைக்குள் பகுதிகளைப் பிரிக்க அப்படியொரு ஒற்றை எண் போதவே போதாது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற, கருவிலுள்ள சிசுவின் மூளை வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. அதில் 5,132 மூளைச் சீவல்களின் படங்கள் உள்ளன. அங்கே பகுதிகளின் எல்லையை வல்லுநர்கள் பார்த்து அடையாளமிட வேண்டியிருந்தது. அப்படிக் குறித்த எல்லைகளை முக்கோண வலையாக மாற்றும்போது வேறொரு சிக்கல் வரும். உள்ளே 1, வெளியே 0 என்று மட்டுமே இருப்பதால் மேற்பரப்பு படிக்கட்டுப் போலத் தெரியும். அதை அளவுக்கு மீறி மழுக்கினால் மெல்லிய அமைப்புகளே காணாமல் போய்விடும்.