பசிபிக் நாடுகள் - 9: பனாபா கொடுத்த பணம்

நவுருவின் பாஸ்பேட் பணம் எப்படிக் கரைந்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். நவுருவிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் போனால் பனாபா வரும். மொத்தம் ஆறே சதுர கிலோமீட்டர். அதே பாறை, அதே கம்பெனி. தோண்டி எடுத்துக்கொண்டு போனவையும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற அதே மூன்று அரசுகள். ஆனாலும் நவுருவுக்குக் கடைசியில் தன் பேரில் ஒரு நாடு கிடைத்தது. பனாபாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தீவின் மண்ணை விற்று வந்த பணத்தில் பெரும்பங்கு இன்னொரு நாட்டின் கஜானாவுக்கு முதலாகப் போய்ச் சேர்ந்தது. அந்த நாடு, பனாபாவையும் தனக்குள் அடக்கிய கிரிபாஸ். வரைபடங்களில் கிரிபாட்டி என்று அச்சிட்டிருப்பார்கள். அங்குள்ளவர்கள் சொல்வது கிரிபாஸ்.

இந்த நாட்டைப் பற்றிச் செய்திகளில் வருவதெல்லாம் கடல் அதை விழுங்கப்போகிறது என்பதுதான். அந்த ஆபத்து உண்மை. ஆனால் அதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்வதால், 1979 முதல் அங்கே ஓர் அரசாங்கம் எப்படி நடந்துவருகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய அரசாங்கம் அது. வாங்கிய அடிகளுக்கு நடுவே காசை எண்ணிச் செலவழித்து, மிச்சம் பிடித்து, தன்னைவிட ஆயிரம் மடங்கு பெரிய நாடுகளோடு பேரம் பேசி நிற்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். மொத்தம் 33 தீவுகள். பனாபாவைத் தவிர எல்லாமே தாழ்வான பவளத் தீவுகள். பெரும்பாலானவற்றில் நடுவில் உப்பங்கழி, அதைச் சுற்றிக் குறுகிய நிலப்பட்டை. மேற்கே கில்பர்ட், நடுவே ஃபீனிக்ஸ், கிழக்கே லைன் என்று மூன்று தொகுதிகள். நிலமெல்லாம் சேர்த்தால் 811 சதுர கிலோமீட்டர்தான். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு கிழக்குக் கோடியில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவு ஒன்றே. தலைநகரான தராவாவிலிருந்து அந்தத் தீவுக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். கடலுக்குத்தான் கணக்கில்லை: கிரிபாஸின் மீன்பிடி உரிமைக்கு உட்பட்ட கடல் ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது.

நிலநடுக்கோடும் 180 பாகைத் தீர்க்கரேகையும் இந்தத் தீவுத் தொகுதிகளுக்கு நடுவே வெட்டிக்கொள்கின்றன. அதனால் நாட்டின் ஒரு பாதியில் வெள்ளிக்கிழமை, மறுபாதியில் வியாழக்கிழமை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. இரண்டு பக்கத்து அலுவலகங்களும் சேர்ந்து திறந்திருப்பது வாரத்தில் நான்கே நாள். 1995 தொடக்கத்தில், அதிபர் தெபுரோரோ தீத்தோ காலத்தில், தேதிக்கோட்டை நாட்டுக்குக் கிழக்கே தள்ளி வைத்துவிட்டார்கள். உலகத்தில் புதிய நாள் முதலில் பிறப்பது அன்றிலிருந்து லைன் தீவுகளில்.

சுமார் 1,20,000 மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தெற்குத் தராவாவில் இருக்கிறார்கள். ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர் கொண்ட ஒரு கீற்று நிலம் அது. குடிநீர்தான் அங்கே முதல் கவலை. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்த மழை பவளப் பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கும். அதைத்தான் இறைத்துக் குடிக்க வேண்டும். மழை பொய்த்தாலும், அளவுக்கு மேல் இறைத்தாலும், கடல் ஏறினாலும் கிணறு கரித்துவிடும். நிலத்தடி நீர் தட்டுப்படும் வரை குழி தோண்டி, அதில் பபாய் என்ற பெரிய சேம்பை வளர்க்கிறார்கள். தென்னையில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுவார்கள். சீவும்போது மர உச்சியிலிருந்து பாட்டுக் கேட்கும். இறக்கும் கரேவே நம் பதநீர் போன்றது. குழந்தைக்கும் கொடுப்பார்கள், காய்ச்சிப் பாகும் எடுப்பார்கள்.

இனி பனாபா. 1900-ஆம் ஆண்டு ஆல்பர்ட் எல்லிஸ் என்ற கம்பெனிக்காரர், சிட்னி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நவுருக் கல்லைச் சோதித்துப் பார்த்தார் என்று போன வாரம் எழுதியிருந்தேன். முதல்தரமான பாஸ்பேட். அதே ஆண்டு மே மாதம் அவர் பனாபாவில் இறங்கினார். எழுத்து அறியாத மக்களிடம் ஒரு தாளில் ஒப்பந்தம் வாங்கினார்: தீவின் பாஸ்பேட்டை எடுக்கும் ஏகபோக உரிமை, 999 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 50 பவுண்டு. அந்தத் தாளில் கை வைத்தவர்களுக்கு, தீவு முழுவதையும் கொத்தி எடுத்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணமே இருந்திருக்க முடியாது.

1920 முதல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அமைத்த ஆணையம் சுரங்கத்தை நடத்தியது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேய்ச்சல் நிலங்களுக்கு உரம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக உலகச் சந்தை விலைக்கும் கீழே விற்றார்கள். விலை குறையக் குறையப் பனாபா மக்களின் பங்கும் குறைந்தது. ஏறத்தாழ 2 கோடி டன் போனது. மேற்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு போய்ச் சுண்ணாம்புக் கூர்முனைகள் மிஞ்சின. வறட்சிக் காலத்தில் தீவைக் காப்பாற்றியவை நிலத்தடிக் குகைகள். அவற்றுக்குள் தவழ்ந்து போய்த் தண்ணீர் எடுத்து வரும் உரிமை பெண்களுடையது. சுரங்கம் அந்தக் குகைகளையும் கெடுத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர்கள் தீவைப் பிடித்து மக்களை வெவ்வேறு தீவுகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். தீவில் வேலைக்கு வைத்திருந்த சுமார் 150 பேரை, ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் தப்பினார். சிதறியவர்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் திரட்டினார்கள். ஆனால் ஊருக்குக் கூட்டிப் போகவில்லை. 1945 டிசம்பரில் சுமார் 1,000 பேரைக் கப்பலேற்றி, 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஃபிஜியின் ராம்பித் தீவில் இறக்கினார்கள். புயல் காலம், தங்குவதற்கு ராணுவக் கூடாரம். ராம்பியை 1942-இலேயே வாங்கி வைத்திருந்தார்கள். வாங்கிய பணம் பனாபா மக்களின் சொந்தப் பாஸ்பேட் சேமிப்பு. தங்கள் காசைக் கொடுத்துத் தாங்களே நாடு கடத்தப்பட்டவர்கள் அவர்கள்.

ராம்பி மக்கள் லண்டனுக்கே போய் வழக்காடினார்கள். 1970களில் நடந்த அந்த வழக்கு, பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் கண்ட மிக நீண்ட சிவில் வழக்குகளில் ஒன்று. நீதிபதி மெகாரி தீவுக்கே நேரில் போய்ப் பார்த்தார். ஆனாலும் அரசைச் சட்டப்படி பொறுப்பாக்க இடமில்லை என்று தீர்ப்பாயிற்று. தோண்டிய இடத்தில் மரம் நடாததற்குச் சொற்ப நஷ்டஈடு. பிறகு வழக்குக்கு வெளியே 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுக்க முன்வந்தார்கள்.

இந்தப் பாஸ்பேட் வருமானத்தில் பெரும்பங்கு, கிரிபாஸை அன்று ஆண்ட பிரிட்டிஷ் காலனி அரசின் செலவுக்குப் போனது. அதிலிருந்து 1956-இல் ஒரு நிதியம் தொடங்கினார்கள். பாஸ்பேட் தீர்ந்த பிறகு அரசாங்கம் நடக்க வேண்டுமே என்பதற்காக ஒதுக்கிய பணம் அது. கிரிபாஸ் 1979 ஜூலை 12-இல் விடுதலை பெற்றது. சுரங்கம் மூடியதும் அதே ஆண்டில்தான். ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கும் அரசு வருமானத்தில் பாதியும் ஒரே அடியில் நின்றன. முதல் அதிபர் இயெரெமியா தபாய்க்கு அப்போது வயது 29. நிதியத்தில் ஏறத்தாழ 7 கோடி ஆஸ்திரேலிய டாலர் இருந்தது. அதில் கைவைக்காமல் செலவைச் சுருக்கினார். பிரிட்டன் கொடுத்துவந்த பட்ஜெட் உதவியையும் 1986-ஓடு வேண்டாம் என்றார்கள். 2008 நெருக்கடியில் பங்குச்சந்தையோடு நிதியமும் சரிந்தது, பிறகு எழுந்தது. இன்று அது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நவுருவின் கதையைப் படித்த கையோடு இதைப் படிப்பவர்களுக்கு, பக்கத்துத் தீவுகள் இரண்டின் பாதை எவ்வளவு விலகியது என்று தெரியும்.

நிதியம் சேமிப்புத்தான். அன்றாட வருமானம் மீனிலிருந்து வர வேண்டும். ஆனால் அமெரிக்கச் சூரைப் படகுகள் பணமே கட்டாமல் பிடித்துப் போயின. சூரை இடம்பெயரும் மீன், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். தபாய் 1985-இல் சோவியத் யூனியனோடு மீன்பிடி ஒப்பந்தம் போட்டார். பனிப்போர்க் காலத்தில் அது எப்படிப்பட்ட துணிச்சல் என்று நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் ஓராண்டுதான் நீடித்தது. ஆனால் அமெரிக்கா இறங்கி வந்தது. 1987-இல் பசிபிக் நாடுகள் அனைத்தோடும் சேர்த்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, பணம் கட்டிப் பிடிக்கத் தொடங்கியது.

அடுத்த பாய்ச்சல் கூட்டாக நடந்தது. நவுரு உடன்படிக்கையில் சேர்ந்த எட்டு நாடுகள், 2007 முதல், சுருக்குமடிக் கப்பல்களுக்கு நாள் கணக்கில் உரிமம் விற்க ஆரம்பித்தன. ஆண்டுக்கு இத்தனை மீன்பிடி நாள்தான் என்று வரம்பு கட்டி, நாளொன்றுக்குக் குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் என்ற விலை வரை கொண்டுவந்தார்கள். எட்டு நாடுகளுக்கும் சேர்த்து 2010 வாக்கில் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் பத்தாண்டுக்குள் 50 கோடியை எட்டியது. தனித்தனியே பேரம் பேசியிருந்தால் இது நடந்திருக்காது. கிரிபாஸ் அரசின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இப்போது மீன்பிடி உரிமத்தால் வருகிறது. எல் நினோ ஆண்டுகளில் வெந்நீரோட்டத்தோடு சூரைக் கூட்டமும் கிழக்கே நகர்ந்து கிரிபாஸ் கடலுக்கு வரும். 2015-இல் வருமானம் 20 கோடி ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி வந்தது. மீன் போகிற போக்கில் பட்ஜெட்டும் போகும் என்பதுதான் இதிலுள்ள அபாயம்.

அந்த மீனைக்கூட விட்டுக்கொடுக்க ஒரு காலத்தில் துணிந்தார்கள். ஃபீனிக்ஸ் தீவுகளைச் சுற்றி 4,08,250 சதுர கிலோமீட்டர் கடல் காப்பகமானது. 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்து, 2015 முதல் வணிக மீன்பிடிப்புக்கு மூடப்பட்டது. 2021-இல் அரசு அதைத் திரும்பத் திறப்பதாக அறிவித்தது. இழந்த உரிமப் பணத்துக்கு ஈடாக வெளியிலிருந்து வந்த உதவி போதவில்லை என்பது அவர்கள் வாதம். அந்த முடிவு எனக்கு வருத்தமே. ஆனால் உலகத்துக்கான காப்பகத்தின் செலவு முழுவதையும் ஓர் ஏழை நாட்டின் தலையில் கட்டியது யார் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்ற வருமானங்கள் சிறியவை. தராவாவின் பேசோவில் 1967 முதல் இயங்கும் மாலுமிப் பயிற்சி நிலையத்திலிருந்து இளைஞர்கள் ஜெர்மன் சரக்குக் கப்பல்களுக்குப் போய்ப் பணம் அனுப்புகிறார்கள். வெளித்தீவுகளில் கொப்பரை. அரசு அதைச் சந்தை விலையைவிடக் கூட்டி வாங்குகிறது. 2016-இல் கிலோவுக்கு 2 ஆஸ்திரேலிய டாலர் ஆக்கினார்கள். தீவுகளைக் காலி செய்துவிட்டு எல்லாரும் தராவாவுக்கு வந்துவிடாமல் இருக்க வேறு வழி அவர்களுக்கு இல்லை.

அரசு நடக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஊருக்கு ஊர் மனேயாபா என்ற பெரிய கூரைக் கூடம் இருக்கும். குடும்பத்துக்கு ஓரிடம் அதில் பரம்பரையாக ஒதுக்கியது. முதியோர் பேசி முடிவெடுப்பார்கள். நாடாளுமன்றத்துக்கும் மனேயாபா என்றே பெயர். 45 உறுப்பினர்கள். தேர்தல் முடிந்ததும் உறுப்பினர்களுக்குள் மூன்று அல்லது நான்கு பேரைச் சபை அதிபர் வேட்பாளர்களாக நிறுத்தும். நாடு முழுவதும் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். யாரும் மூன்று முறைக்கு மேல் அதிபராக முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் அதிபரும் போவார், சபையும் கலையும். கவிழ்ப்பவர்களும் மக்களிடம் திரும்பப் போக வேண்டும். 1994-இலும் 2003-இலும் அப்படி ஆட்சி கவிழ்ந்தது. 2003 தேர்தலில் அனோதே தோங் தன் அண்ணனையே எதிர்த்து நின்று ஜெயித்தார்.

எல்லாம் சீராக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 2016 முதல் அதிபராக இருக்கும் தானெதி மாமாவ், 2019-இல் தைவானை விட்டுச் சீனாவோடு உறவு வைத்தார். அது அவர்கள் நாட்டு விவகாரம். ஆனால் 2022-இல் தலைமை நீதிபதியையும் மேல்முறையீட்டு நீதிபதிகளையும் அரசு இடைநீக்கம் செய்ததில் உயர்நீதித்துறையே முடங்கியது. ஊர்க்கூடத்தில் எல்லாரையும் பேசவிடும் மரபுள்ள நாட்டுக்கு அது நல்லதல்ல.

கடல் உயர்வதைப் பற்றி அரசுகளுக்குள்ளேயே இருவேறு பார்வை உண்டு. தோங் 2014-இல் ஃபிஜியின் வனுவா லெவுவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கினார். உணவு விளைவிக்க, தேவைப்பட்டால் குடியேற. மாமாவ் இடம்பெயரும் பேச்சே வேண்டாம், தீவுகளை உயர்த்தி இங்கேயே இருப்போம் என்கிறார். ராம்பிக்குப் போனவர்களின் அனுபவம் தெரிந்த நாட்டில் இரண்டாவது பேச்சு எடுபடுவதில் வியப்பில்லை.

அந்த ராம்பிக்கு மனேயாபாவில் ஓரிடம் அரசியல் சட்டத்திலேயே உண்டு. வேறொரு நாட்டு மண்ணிலிருந்து, ராம்பி மன்றம் அனுப்பும் உறுப்பினர் அதில் அமர்கிறார். விடுதலையின்போது பனாபா பிரிந்துபோகக் கேட்டதும் பிரிட்டன் மறுத்ததும் அதற்குப் பின்னால் இருக்கிறது. பனாபாவில் இப்போது சில நூறு பேர் வசிக்கிறார்கள். குகைத்தண்ணீர் போய்விட்டதால் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை நம்பியிருக்கிறார்கள். 2020 இறுதியில் அது பழுதாகித் தண்ணீருக்குத் தவித்தார்கள். 2023-இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் எடுக்கலாமா என்று வந்தபோது ராம்பியில் பலர் எதிர்த்து எழுந்தார்கள். 100 கோடி டாலர் நிதியத்தின் முதல் காசு பனாபாவின் மண்ணிலிருந்து வந்தது. பனாபாவில் குடிநீர் தட்டாமல் கிடைப்பதற்கான செலவுதான் அந்த நிதியத்தின் முதல் செலவாக இருக்க வேண்டும். தபாய் காலம் முதல் அந்தப் பணத்தை இவ்வளவு பொறுப்பாகக் காத்தவர்களிடம் இதைக் கேட்பது அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

(அடுத்த வாரம்: 1975-இல் இதே காலனியிலிருந்து பிரிந்துபோன எல்லிஸ் தீவுகள், இன்றைய துவாலு.)