காற்றில் ஏறிய குரல்கள் – 9: மைக்கைக் கைமாற்றியவர்கள்

1993 மார்ச். சிகாகோ நகரின் தென்பகுதியில் ஐடா பி. வெல்ஸ் குடியிருப்பு. ஏழைகளுக்காக அரசு கட்டிய அடுக்குமாடிகள். குடியிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பின மக்கள். துப்பாக்கிச் சூடு, போதைப்பொருள், கைது என்று அந்த இடத்தின் பெயர் செய்திகளில் அடிபட்டுக்கொண்டே இருக்கும். செய்தியில் பேசுகிறவர் போலீஸ்காரராக இருப்பார், மாநகராட்சி அதிகாரியாக இருப்பார், ஆய்வு செய்யும் பேராசிரியராக இருப்பார். அங்கே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளின் பேச்சு மட்டும் எதிலும் வராது.

டேவிட் ஐசே அங்கே போனபோது அவருக்கு வயது 27. எந்த நிலையத்திலும் மாதச் சம்பளம் வாங்காத தனித் தயாரிப்பாளர். சிகாகோவின் பொது வானொலி நிலையமான டபிள்யூ.பி.இ.இசட்.டுக்கு ஒரு நிகழ்ச்சி செய்ய வந்தவர். லாயிட் நியூமன், லீஆலன் ஜோன்ஸ் என்று இரண்டு பையன்கள். லாயிடுக்கு 14 வயது, லீஆலனுக்கு 13. லாயிட் அந்தக் குடியிருப்பில் அக்காமார்களோடு இருந்தான். லீஆலன் பக்கத்திலேயே தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தான். ஐசே அவர்களைப் பேட்டி எடுக்கவில்லை. ரெக்கார்டரையும் மைக்கையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். பத்து நாள் எங்கே போனாலும் எடுத்துப் போங்கள், உங்களுக்குத் தோன்றியதைக் கேளுங்கள் என்றார்.

அப்படி உருவான அரைமணி நேர நிகழ்ச்சியின் பெயர் 'கெட்டோ லைஃப் 101'. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடத்தின் முதல் வகுப்புக்கு 101 என்று எண் கொடுப்பார்கள். நம் வழக்கில் சொன்னால், 'ஒதுக்கப்பட்டவர் வாழ்க்கை: அரிச்சுவடி'.

இந்தத் தொடருக்காக எத்தனையோ பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். இதைக் கேட்டபோது மட்டும் நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடக்க வேண்டியிருந்தது. லீஆலன் தன் பாட்டியிடம் கேள்வி கேட்கிறான், தாயிடம் கேட்கிறான். லாயிட் தன் தகப்பனாரிடம் அவருடைய குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்கிறான். நம் வீட்டில் எந்தப் பிள்ளை அப்பாவிடம் இப்படிக் கேட்டிருக்கிறது? கேட்க நினைத்திருந்தாலும் வாய் வந்திருக்குமா? கையில் மைக் இருந்ததால் அந்தப் பையனுக்கு வாய் வந்தது. மைக் நீட்டப்பட்டதால் தகப்பனுக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கைதேர்ந்த நிருபர் ஒருவர் அதே அறையில் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அது வெறும் பேட்டி. மகன் கேட்டதால் அது ஒரு குடும்பத்தின் கணக்கு வழக்கு ஆகிவிட்டது.

நிகழ்ச்சிக்குப் பிரீ இத்தாலியா உட்படப் பல விருதுகள் கிடைத்தன. மைக் பையன்களிடம் இருந்தது சரி, கத்தரிக்கோல் யாரிடம் இருந்தது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மணிக்கணக்கான பதிவிலிருந்து அரைமணி நேரத்தைப் பொறுக்கி எடுப்பவர் கையில்தான் கதை எப்படிப் போகும் என்பது இருக்கிறது. ஐசே வெளியிலிருந்து வந்த வெள்ளையர். அந்தக் கேள்விக்கு மூவரும் சேர்ந்து செய்த அடுத்த வேலையே பதில் என்று நினைக்கிறேன்.

1994 அக்டோபரில் அதே குடியிருப்பில் எரிக் மோர்ஸ் என்ற ஐந்து வயதுக் குழந்தையை, 10 வயதும் 11 வயதுமான இரண்டு சிறுவர்கள் 14ஆவது மாடியில் ஆளில்லாத ஒரு வீட்டின் ஜன்னல் வழியாகக் கீழே போட்டுக் கொன்றார்கள். தங்களுக்காக மிட்டாய் திருடித் தர எரிக் மறுத்ததுதான் காரணம். எரிக்கின் எட்டு வயது அண்ணன் அவனைப் பிடித்து இழுக்கப் பார்த்திருக்கிறான், முடியவில்லை. கீழே போய்த் தாங்கிவிடலாம் என்று பதினான்கு மாடிப் படிகளையும் ஓடியே இறங்கினான்.

நாடே அதிர்ந்து பேசிய செய்தி அது. ஒரு வாரம் பேசிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். லாயிடும் லீஆலனும் போகவில்லை. அவர்களுக்குப் போக வேறு இடமும் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். இரண்டு பக்கத்துக் குடும்பங்களோடும் பேசினார்கள். அப்படி உருவான 'ரிமோர்ஸ்' என்ற நிகழ்ச்சி 1996இல் தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர். வழியாக நாடு முழுவதும் ஒலித்தது. அதற்குப் பீபாடி விருது கிடைத்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் 1941 முதல் கொடுத்துவரும் விருது அது. அமெரிக்காவில் வானொலிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை அப்போது கிடையாது. அதுவரை பீபாடி வாங்கியவர்களிலேயே வயதில் மிக இளையவர்கள் இந்த இரண்டு பையன்கள்தான்.

ஐசே எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துச் சேரவிருந்த நேரம். நியூயார்க்கில் போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒரு தம்பதி, அந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு அருங்காட்சியகம் கட்டக் கனவு கண்டுகொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு நிலையம் நிலையமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு சிறிய நிலையத்தில், எங்களிடம் ஆளில்லை, நீயே பதிவு செய்துகொண்டு வா என்றார்கள். போனார், பதிந்தார், ஒலிபரப்பானது. காரில் போய்க்கொண்டிருந்த என்.பி.ஆர். தயாரிப்பாளர் ஒருவர் காதில் அது விழுந்தது. ஐசே மருத்துவம் படிக்கவே இல்லை.

இந்தத் தனித் தயாரிப்பாளர் என்ற பிழைப்பு எப்படி நடக்கிறது? அமெரிக்கப் பொது வானொலி 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். தொலைக்காட்சிக்காக எழுதப்பட்ட மசோதாவில் வானொலி என்ற சொல் கடைசி நேரத்தில் நுழைக்கப்பட்ட கதையையும் பார்த்தோம். அந்த அமைப்பில் நிலையங்களுக்குச் சொந்த ஊழியர்கள் உண்டு. அவர்களுக்கு அன்றன்றைய செய்தியே தலைக்கு மேல் வேலை. ஒரே வீட்டுக்கு ஆறு மாதம் போய்வர அவர்களுக்கு நேரம் ஏது? தனித் தயாரிப்பாளரிடம் இருக்கும் ஒரே முதல் நேரம்தான். ஆண்டுக்கணக்கில் உழைத்ததை ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று விற்பார்கள். நடுவில் மானியத்துக்கு மனுப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அவரவர் பாடு. 1988இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். நிலைய ஊழியருக்கு விருது என்பது சுவரில் மாட்டும் பட்டயம். தனித் தயாரிப்பாளருக்கு, அடுத்த மானியம் கேட்டுக் கதவைத் தட்டும்போது காட்ட இருக்கும் ஒரே அடையாள அட்டை.

மைக்கைக் கைமாற்றுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர் ஜோ ரிச்மன். 1996இல் 'டீனேஜ் டைரீஸ்' என்று தொடங்கினார். பதின்வயதுப் பிள்ளைகளிடம் ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். அவர்களுக்காக ஒரு கையேடும் எழுதினார். அதில் அவர் சொல்வதெல்லாம் கைப்பழக்கத்துக்கான பாடம். மைக் வாயிலிருந்து ஐந்தாறு அங்குலத்தில் இருக்கட்டும். ஹெட்ஃபோனைக் கழற்றாதே. பேசி முடித்ததும் ரெக்கார்டரை அணைத்துவிடாமல் அந்த அறையின் சும்மா இருக்கும் ஓசையை ஒரு நிமிடம் பதிந்துகொள்.

இந்தக் கடைசி விஷயம் ஏன் என்று பலருக்குத் தெரியாது. எந்த அறையும் முழு நிசப்தமாக இருப்பதில்லை. ஃபிரிட்ஜ் ரீங்கரிக்கும், ஃபேன் சுற்றும், எங்கோ ஒரு நாய் குரைக்கும். இரண்டு வாக்கியங்களை வெட்டி ஒட்டும்போது நடுவில் வெறுமை வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அந்த இடைவெளியை நிரப்ப அதே அறையின் ஓசைதான் வேண்டும். நாம் கேட்கும்போது கவனிக்கவே மாட்டோம். கவனிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் அந்த ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் நின்றிருக்கிறார்.

ரிச்மன் ரெக்கார்டர் கொடுத்தவர்களில் ஒருத்தி தெம்பி நுபானே. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரையொட்டிய கயலிச்சா என்ற இடத்துப் பெண். அப்போது 19 வயது, எச்.ஐ.வி. தொற்று இருந்தது. ஓர் ஆண்டு பதிந்தாள். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தன் உடம்புக்குள் இருக்கும் கிருமியோடு பேசுவாள், வாடகை தராமல் குடிவந்தவனைக் கண்டிப்பது போல. தனக்கு நோய் இருப்பதைத் தகப்பனாரிடம் சொல்லும் நேரத்திலும் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. 2006இல் அது ஒலிபரப்பானதும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பேசினாள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயால் 2009இல் இறந்தாள். 24 வயது. அந்த ஓராண்டுப் பதிவில் அவள் அழுவதைவிடச் சிரிப்பதுதான் என் காதில் நின்றது.

டேவியா நெல்சன், நிக்கி சில்வா என்ற இருவரையும் விட்டுவிட முடியாது. 'கிச்சன் சிஸ்டர்ஸ்' என்று பெயர். உடன்பிறந்தவர்களும் இல்லை, சமையல்காரர்களும் இல்லை. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் ஊரில் விசித்திரமான கட்டடங்கள் கட்டிய கிச்சன் என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்களின் கதையிலிருந்து வந்த பெயர். ஆனால் பெயருக்கேற்ப ஒரு நாள் அடுப்பைத் தேடிப் போனார்கள். 'ஹிடன் கிச்சன்ஸ்', அதாவது ஒளிந்திருக்கும் அடுக்களைகள். லூசியானாவின் அங்கோலா சிறையில் 29 ஆண்டு தனிக்கொட்டடியில் இருந்த ராபர்ட் கிங்கை அதற்காகத்தான் கண்டுபிடித்தார்கள். கோக் டப்பாக்களை வெட்டி அடுப்பு, கழிவறைக் காகிதத்தைத் திரித்து எரிபொருள். சாப்பாட்டுத் தட்டோடு வரும் சர்க்கரை, வெண்ணெய்ப் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து 'பிராலின்' என்ற மிட்டாய் கிண்டியிருக்கிறார். 2001இல் வெளியே வந்ததும் அதே மிட்டாயை விற்றார். பெயரை மட்டும் 'ஃப்ரீலின்' என்று மாற்றிக்கொண்டார், விடுதலை மிட்டாய். சிறைக் கொடுமையைப் பற்றி நூறு அறிக்கை படித்தாலும் அந்தக் கோக் டப்பா அடுப்பு சொல்வதை அவை சொல்லாது.

கிச்சன் சிஸ்டர்ஸோடு சேர்ந்து வேலை செய்த ஜே ஆலிசன், தான் கற்றதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க 'டிரான்சம்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். இணையதளம் ஒன்றுக்கு முதன்முதலாகப் பீபாடி கிடைத்தது அதற்குத்தான். ஐசே 2003 அக்டோபரில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்னக் கூண்டு அமைத்தார். தெரிந்த இருவர் உள்ளே போய் 40 நிமிடம் பேசலாம். பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்று பெயர். திறந்துவைத்தவர், சாமானியர் பேச்சையே வாழ்நாள் முழுக்கப் பதிந்த ஸ்டட்ஸ் டெர்க்கல், தன் 91ஆம் வயதில்.

பத்திரிகைத் துறைக்கான புலிட்சர் விருதுக் குழு வானொலியைக் கண்ணெடுத்துப் பார்க்க 2020 வரை ஆயிற்று. ஒலிவழிச் செய்திக்கான முதல் புலிட்சர் அந்த ஆண்டில்தான். வாங்கியவர்களில் எமிலி கிரீன் தனித்து இயங்கும் நிருபர். அதே ஆண்டு, இறந்து 89 ஆண்டுகள் கழித்து, ஒரு கறுப்பினப் பத்திரிகையாளருக்கும் புலிட்சர் சிறப்பு மரியாதை தரப்பட்டது. அவர் பெயர் ஐடா பி. வெல்ஸ்.

நம் நாட்டில் அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. ஆனாலும் தனியார் எஃப்.எம்.முக்கும் சமுதாய வானொலிக்கும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அதனால் இப்படி ஒரு தொழிலே நம்மிடம் வளரவில்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. அமெரிக்காவிலும் நிலைமை மாறுகிறது. 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பணத்தைப் பகிர்ந்தளித்துவந்த கழகம் அடுத்த மாதமே கடையைக் கட்டுவதாக அறிவித்தது. முதலில் அடிபடப் போவது மாதச் சம்பளம் இல்லாத இவர்கள்தான்.

ஐடா பி. வெல்ஸ் குடியிருப்பில் இன்று ஒரு செங்கல் இல்லை. 2011க்குள் எல்லாக் கட்டடங்களையும் இடித்துவிட்டார்கள். லாயிட் நியூமன் 2022 டிசம்பரில் 43ஆம் வயதில் காலமானார். 'கெட்டோ லைஃப் 101' இணையத்தில் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். அடுத்த வாரம் இந்தத் தொடரைப் படிப்பதற்கு முன் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்கிக் கேட்டுவிடுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.

(தொடரும்)