இரும்பு உண்பது என்ன?

புறநானூற்றின் இருபத்தோராம் பாட்டைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் ஓரிடத்தில் நான் சற்று விரைந்து செல்வது வழக்கம். கானப்பேரெயிலை உக்கிரப்பெருவழுதி கைக்கொண்ட செய்தியை ஐயூர் மூலங்கிழார் பாடியது அது. உலையிற் காய்ந்த இரும்பு பருகிய நீரை மீட்பதினும், இழந்த அரணை மீட்டல் அரிது என்று அதன் தலைவன் வேங்கைமார்பன் வருந்தினானாம். “நீர் ஆவியாய் மறைவதையே புலவர் இவ்வாறு நயம்படக் கூறினார்” என்று சொல்லி அடுத்த அடிக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் பின்வரிசை மாணாக்கன் ஒருவன் எழுந்தான். “ஐயா, நீர் ஆவியாய்ப் போவதுதான் பயன் என்றால், கொல்லன் எதற்காகத் தோய்க்கிறான்? இரும்புக்கு அதனால் வந்தது என்ன?” என்றான். முப்பது ஆண்டுகளாக இப்பாட்டை நடத்தியவன் நான். எனக்கு விடை தெரியவில்லை.

அவன் கொல்லர் குடிப் பிள்ளை. மன்னார்த் தீவில் அவனுடைய பாட்டனாரின் உலைக்களத்துக்கு மறுநாட் சென்றேன். பனையிற் பாளை சீவுங் கத்தி ஒன்றை அவர் அடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைச் சொன்னேன். முதியவர் சிரித்தார்.

“பண்டிதர் ஐயா, தண்ணியிலேதான் இரும்பு இறுகும், அது மெய். ஆனால் அதுக்கு முன்னம் அது கரி குடிச்சிருக்க வேணும். கரி குடியாத இரும்பை எத்தனை தரம் தோய்ச்சாலும் அது மெத்தென்றுதான் கிடக்கும்.”

வேதிநூலார் கூறுவதும் இதுவே. தனி இரும்பு மென்மையானது. கரியிலுள்ள காபன் சிறிதளவு அதனுட் புகுந்த பின்னர், செந்நிறமாகக் காய்ச்சிச் சடுதியாகக் குளிர்வித்தால், உள்ளமைப்பு மாறி அது கடுமை பெறுகிறது. காபனை ஊட்ட இரு வழிகள் உண்டு: உடல் முழுதும் ஊட்டுதல் ஒன்று, தோலுக்கு மட்டும் ஊட்டுதல் மற்றொன்று.

உடல் முழுதும் ஊட்டுவதே மூசை உருக்கு. மூசை என்பது களிமண்ணாற் செய்த உருக்குக் கலம். இரும்புத் துண்டுகளையும் மரச்சிராய்களையும் அதனுள் இட்டு, வாயை மூடி, நெடுநேரம் எரித்தால் இரும்பு காபனை உண்டு உருகிக் கட்டியாகும். தென்னாட்டுக் கொல்லர் இதற்கு ஆவாரை மரத்தைப் பயன்படுத்தினர். இதனைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தீவிலிருந்து பாலங் கடந்து பெருநிலத்தை அடைந்தால், திருக்கேதீச்சரத்தை அடுத்துக் கிடக்கிறது மாந்தை மேடு. கம்மாளர் அங்கே காந்தக் கோட்டை கட்டி வாழ்ந்தனர் என்பது செவிவழிக் கதை. கதை எப்படியாயினும், 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் நடத்திய அகழ்வில் மூசை உருக்கின் எச்சங்கள் அம்மண்ணிற் கிடைத்தன. போர் மூண்டதால் அகழ்வு நின்றது. விரிவான அறிக்கை 2013இல்தான் நூலாயிற்று. அவ்வெச்சங்களை ஆராய்ந்தவர் ஜிலியன் ஜூலெஃப். சமனல வாவிப் பகுதியிற் பருவக்காற்றின் வலிமையால் எரிந்த பழைய உலைகளை 1996இல் உலகறியச் செய்தவரும் அவரே. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல் கிந்தி, வாள்களைப் பற்றிய தம் நூலிற் சரந்தீப் வாளையும் குறிப்பிட்டார்.

நிற்க. தோலுக்கு மட்டும் ஊட்டும் முறையை எனக்கு விளக்கியவன், பொறியியல் பயிலும் என் பழைய மாணாக்கன். அவன் எடுத்துக்கொண்ட பொருள், இலக்குச் சுடும் போட்டிகளுக்குரிய றைபிள் துவக்கின் குழல். ஒவ்வொரு வெடியிலும் கொதிக்கும் வாயு குழலின் தொண்டையைத் தாக்குகிறது. நாளடைவில் அங்கே மயிரிழை வெடிப்புகள் படர்ந்து உலோகம் அரிக்கப்படும்; குண்டு இலக்குத் தவறும். குழல் முழுவதையும் மிகக் கடுமையாக்கினாலோ அது நொறுங்குந் தன்மை பெற்று, அமுக்கந் தாங்காது பிளந்துவிடக் கூடும். ஆகவே உடல் உரமாகவும் தோல் கடுமையாகவும் இருத்தல் வேண்டும்.

தோலுக்குக் காபன் ஊட்ட ஏறக்குறைய 900 பாகை வெப்பம் வேண்டும். பின்னர்த் தோய்க்கவும் வேண்டும். நீண்ட குழல் அதிற் கோணிவிடும். குரோமியம் பூசலாம். ஆனால் அது மேலே போர்த்த சட்டை. அதன் கனம் ஓரிடத்திற் சிறிது மிகினும் குறி பிழைக்கும். ஆதலின் இலக்குச் சுடுவோர் பலர் அதனை விரும்புவதில்லை. மூன்றாவது வழி நைதரசன் ஊட்டுதல். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் அடொல்ப் மக்லெற்றும், செருமனியிற் குருப் ஆலையைச் சேர்ந்த அடொல்ப் பிறையும் இதனை வகுத்தனர். அமோனியா வாயுவிலோ உருகிய உப்பிலோ 500 முதல் 580 பாகை வரையிற் குழலை வைத்திருந்தாற் போதும். கடுமைக்காக நீரிற் தோய்க்க வேண்டா. குழலும் பெரிதுங் கோணாது. கடுமை பெறுந் தோல் ஒரு மில்லிமீற்றரிற் சிறு கூறே. எனினும் அது தேய்வைப் பொறுக்கும். பின்னர் அதனைக் கடைதலும் அறுத்தலும் எளிதன்று. எனவே எல்லா வேலையும் முடிந்த பின்னரே ஊட்டுவார்கள்.

“ஊட்டியதைத் திரும்ப எடுக்க இயலாதா?” என்று கேட்டேன். “நடைமுறையில் இல்லை, ஐயா” என்றான். எனக்கு வேங்கைமார்பன் நினைவு வந்தது.

இரும்பு உண்பது நீரன்று என்று மூலங்கிழாரிடம் நாம் வாதிட வேண்டுவதில்லை. தோய்த்த இரும்பு முன்பிருந்த இரும்பன்று என்பதை அவர் கண்டிருக்கிறார்; உலைக்களத்து வாயிலில் நின்று பாராதவர்க்கு அவ்வுவமை வாய்த்திராது. நானோ அங்கே நில்லாமலே முப்பது ஆண்டு அதற்கு உரை சொன்னேன். மாந்தை மண்ணிற் புதைந்த மூசைகளை அயல்நாட்டார் வந்து தோண்டிக் காட்டும்வரை நாம் அறியாதிருந்ததும் இதே குறையினால்தான் போலும். கொல்லரின் அறிவை நம் ஏடுகள் போற்றின. ஏடு படித்த நாம் கொல்லரைக் கேட்கவில்லை.

அடுத்த தவணையில் இப்பாட்டை உலைக்களத்தில் வைத்து நடத்தலாமா என்று முதியவரைக் கேட்டிருக்கிறேன்.

“கூட்டிக்கொண்டு வாருங்கோ ஐயா. பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கோ, பொறி பறக்கும்” என்றார்.