ஆட்டக்காரர் ஆசானாகும்போது

நுழையும்முன்

ஒரு கலையைத் திறம்படச் செய்வது ஓர் ஆற்றல். அதைப் பிறர்க்குக் கற்பிப்பது மற்றோர் ஆற்றல். முன்னது உள்ளவரிடம் பின்னதும் தானாக அமைந்துவிடுவதில்லை. புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஒருவர் பயிற்றுநராக மாறிய வரலாற்றின்வழி இவ்வேறுபாட்டை விளக்குகிறது இப்பாடம்.

கால்பந்து வீரரின் தொழில் வாழ்க்கை மிகக் குறுகியது. பிற துறைகளில் ஒருவர் முதிர்ச்சி பெறத் தொடங்கும் வயதில், இவர்கள் களத்தைவிட்டு விலகிப் புதிய பணியைத் தேட வேண்டியவர்களாகின்றனர். அவர்களுள் பலர் பயிற்றுநர் பணியை நாடுகின்றனர். ஆயினும், சிறந்த வீரர் அனைவரும் சிறந்த பயிற்றுநர் ஆவதில்லை. பந்து வரும் திசையைக் கணித்தலும் நொடிப்பொழுதில் உடலைத் திருப்புதலும் இயல்பாகவே கைவரப்பெற்ற ஒருவர்க்கு, அவை கைவராத மற்றவரின் இடர்ப்பாடு எளிதில் புலப்படுவதில்லை. தாம் எவ்வாறு ஆடினோம் என்பதைச் சொற்களாகவும் பயிற்சிகளாகவும் மாற்றத் தெரிந்தவரே நல்ல பயிற்றுநராகிறார். அதற்குத் தக்க சான்றாக விளங்குபவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த யோகன் கிரைஃப்.

களத்தில் கிரைஃப்

கிரைஃப் 1947ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்தார். அவருடைய தாயார் அந்நகரின் அயாக்ஸ் கால்பந்துக் கழகத்தில் துப்புரவுப் பணி செய்தார். அக்கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்த கிரைஃப், 1964இல் முதன்மை அணியில் இடம்பெற்றார். 1971, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அயாக்ஸ் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து விருதினைக் கிரைஃப் மூன்று முறை பெற்றார்.

அயாக்ஸ் அணியின் பயிற்றுநர் ரினஸ் மிக்கெல்ஸ் வளர்த்தெடுத்த ஆட்டமுறை 'முழுமைக் கால்பந்து' எனப்பட்டது. இம்முறையில் எந்த ஆட்டக்காரரும் ஓரிடத்திற்கு மட்டும் உரியவர் அல்லர். தடுப்பாட்டக்காரர் முன்னேறிச் சென்றால், அவர் விட்டுச்சென்ற இடத்தை மற்றொருவர் நிரப்புவார். எனவே பந்தை நோக்குவதைப் போலவே, களத்தில் எவ்விடம் வெறுமையாக உள்ளது என்பதையும் ஒவ்வொருவரும் நோக்கியாக வேண்டும். இந்நோக்கே கிரைஃபின் தனித்திறனாக விளங்கியது.

பயிற்சியாக மாறிய பார்வை

1984இல் தம் 37ஆம் வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரைஃப், மறு ஆண்டே அயாக்ஸ் அணியை வழிநடத்தும் பொறுப்பை ஏற்றார். பயிற்றுநர்க்குரிய சான்றிதழ் அவரிடம் இல்லாமையால், தொழில்நுட்ப இயக்குநர் என்னும் பெயரில் பணியாற்றினார். 1988இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா அணிக்குப் பயிற்றுநரானார்.

வெற்றிடத்தைக் காணும் தம் பார்வையைப் பிறர்க்குத் தருவது எங்ஙனம்? 'அங்கே பார்' என்று எல்லைக்கோட்டில் நின்று கூவுவதனால் அது கைகூடாது. பார்த்தே தீரவேண்டிய சூழலைப் பயிற்சிக்குள் அமைத்தாக வேண்டும். கிரைஃப் வலியுறுத்திய 'ரோன்டோ' என்னும் வட்டப்பயிற்சி அத்தகையது. சிலர் வட்டமாக நின்று பந்தைத் தமக்குள் மாற்றிக்கொள்வர். நடுவில் நிற்கும் ஓரிருவர் அதைப் பறிக்க முயல்வர். இடமோ சிறிது, நேரமோ அதனினும் சிறிது. பந்து வந்த பிறகு சிந்திப்பவர் அதை இழந்துவிடுவார். ஆகவே, பந்து காலை வந்தடையுமுன்பே அடுத்து யாருக்குத் தருவது என முடிவு செய்யும் பழக்கம் வீரரிடம் வேரூன்றுகிறது. பந்தை வைத்திருப்பவர்க்கு இருபுறமும் துணைநிற்கும் வகையில் முக்கோணமாக இடம்பிடிக்கவும் அவர்கள் கற்றுக்கொள்கின்றனர்.

வலிமையினும் அறிவு

1990இல் பார்சிலோனாவின் இளையோர் பள்ளியைச் சேர்ந்த பத்தொன்பது வயது குவார்டியோலாவைக் கிரைஃப் முதன்மை அணியில் களமிறக்கினார். அவ்விளைஞர் மெலிந்த உடலினர். விரைந்து ஓடுபவரும் அல்லர். தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னே நிற்கும் அவ்விடத்தில் உடல்வலிமை மிக்கவரை நிறுத்துவதே பல அணிகளின் வழக்கம். ஓடுகின்ற மனிதரைவிட உதைக்கப்பட்ட பந்து விரைவானது என்பதே கிரைஃபின் கணக்கு. எனவே, பந்தை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்க்கும் அறிவினை அவர் முதன்மையாகக் கொண்டார். 1991 முதல் 1994 வரை பார்சிலோனா தொடர்ந்து நான்கு முறை ஸ்பெயின் நாட்டு லீக் பட்டத்தை வென்றது. 1992இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் சாம்ப்டோரியா அணியை 1-0 என வீழ்த்தித் தன் முதல் ஐரோப்பியக் கோப்பையையும் பெற்றது.

தோல்வியும் தொடர்ச்சியும்

பயிற்றுநர் பணி நிலையற்றது. 1994இல் ஏதென்சில் நடந்த ஐரோப்பிய இறுதிப்போட்டியில் மிலான் அணியிடம் பார்சிலோனா 0-4 எனத் தோற்றது. 1996இல் கழக நிருவாகத்துடன் பூசல் முற்றிய நிலையில் கிரைஃப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கோப்பைகளை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், அவர் கதை அத்துடன் முடிந்திருக்கும்.

ஆனால் அவர் கற்பித்தவை அங்கேயே தங்கின. 2008இல் பார்சிலோனாவின் பயிற்றுநரான குவார்டியோலா, 2009ஆம் ஆண்டில் மட்டும் ஆறு கோப்பைகளை வென்றார். 2010 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் ஸ்பெயின் அணி நெதர்லாந்தை 1-0 என வென்றது. ஸ்பெயின் அணியின் தொடக்கப் பதினொருவருள் அறுவர் பார்சிலோனாவின் இளையோர் பள்ளியில் வளர்ந்தவர்கள். கிரைஃப் விதைத்த ஆட்டமுறை, அவர் தாய்நாட்டையே வெல்லும் அளவிற்கு அயல்மண்ணில் வளர்ந்திருந்தது.

2016இல் கிரைஃப் மறைந்தார். ஆட்டக்காரராக அவர் அடித்த கோல்கள் அவரோடு முடிந்தவை. பயிற்றுநராக அவர் கற்பித்த பார்வையோ, அவரை நேரில் கண்டிராத இளைஞர்களின் கால்களிலும் இன்று தொழிற்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

இக்காலத்தில் புகழ்பெற்ற வீரராயினும் உரிமச் சான்றிதழ் பெற்றே பயிற்றுநராக முடியும். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு சி, பி, ஏ, புரோ எனப் படிநிலைகளாக உரிமங்களை வழங்குகிறது. இந்தியாவில் இவற்றிற்கு முற்பட்ட தொடக்கநிலையாக டி உரிமப் பயிற்சி உள்ளது.