காற்று இறங்கினாலும் ஓடும் டயர்: வியாபாரிக்கு இலாபமா, நட்டமா?

வியாபாரிக்குக் கடை ஒரு கால் என்றால் வாகனம் மறு கால். ஆனாலும் வாகனம் வாங்கப் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறோம். பெயின்ட் புதிதா பழையதா என்று தடவிப் பார்க்கிறோம். ஓடிய கிலோமீற்றரை நம்பலாமா என்று தரகரிடம் குறுக்கு விசாரணை செய்கிறோம். டயரை மட்டும் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, "டயர் பரவாயில்லை" என்று முடித்துவிடுகிறோம். இந்த வாரம் அந்த டயரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதிலும் 'ரன்பிளாட்' எனப்படும், காற்று இறங்கினாலும் ஓடும் டயரைப் பற்றி.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாயில் எனக்கு நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கொடுக்கல் வாங்கலில் சொல் தவறாதவர். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்கள்தான் கைக்குக் கை மாறின. அந்தக் காலத்தில் இவரும் கொழும்பில் பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினார். வாங்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். பின்பெட்டியைத் திறந்து பார்த்தவர், "என்ன நானா, ஸ்பெயார் வீலைக் காணேல்லை?" என்று கேட்டார். நான் எல்லாம் தெரிந்தவன் போல, "தம்பி, இது ரன்பிளாட் டயர். காற்றுப் போனாலும் ஓடும். ஸ்பெயார் தேவையில்லை" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பின்னர் பெரிய விலை கொடுத்தார்.

2023இல் ஒரு நாள் இரவு அவர் தாயாரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தார். வவுனியாவைத் தாண்டிப் புளியங்குளத்தை அண்மித்தபோது டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்க்கவில்லை. கார் வழமைபோலவே ஓடியது. என் சொல் நினைவுக்கு வந்ததாம். கிளிநொச்சியிலும் நிற்கவில்லை, வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேகத்தையும் குறைக்கவில்லை. ஆனையிறவைக் கடந்து பளைப் பக்கம் வந்தபோது பின் டயரின் பக்கச்சுவர் கிழிந்து, கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தெருவோரத்து மணலில் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. நேரம் அதிகாலை இரண்டு மணி. ஸ்பெயார் வீலும் இல்லை, ஜேக்கும் இல்லை. வயதான தாயாரோடு விடியும்வரை தெருவோரத்தில் இருந்தார்கள்.

காலையில் தொலைபேசியில் கேட்டார். "நீங்கள்தானே நானா சொன்னீங்கள், காத்துப் போனாலும் ஓடும் எண்டு?"

ஓடும் என்று சொன்னவன், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் என்று சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். டயர் வேலை தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். அறிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

எப்படி ஓடுகிறது?

சாதாரண டயரில் வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்று இறங்கினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து ரிம்முக்கும் தெருவுக்கும் இடையில் நசிபடும். அப்படியே சிறிது தூரம் ஓட்டினால் டயர் கந்தலாகிவிடும். ரிம்மும் பழுதாகும்.

ரன்பிளாட் டயரில் பக்கச்சுவரின் உட்புறம் தடித்த, சூடு தாங்கும் விசேட ரப்பரால் பலப்படுத்தப்பட்டிருக்கும். காற்று முழுவதாக இறங்கினாலும் அந்தச் சுவர் நிமிர்ந்து நின்று பாரத்தைச் சுமக்கும். ஆனால் அது தற்காலிகச் சுமைதான். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு இதுதான்: காற்று இல்லாத நிலையில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படாமல், சுமார் 80 கிலோமீற்றர் தூரம். பாரம் கூடினாலோ வேகம் கூடினாலோ தெரு மோசமாக இருந்தாலோ அந்தத் தூரமும் குறையும். காற்றில்லாமல் ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து சூடேறுகிறது. டயரைக் கொல்வது அந்தச் சூடுதான்.

நமது வாடிக்கையாளரின் கணக்கைப் பாருங்கள். புளியங்குளத்திலிருந்து கிளிநொச்சி சுமார் 50 கிலோமீற்றர். மெதுவாக வந்து கிளிநொச்சியில் நின்றிருந்தால் அந்த டயர் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கும். சண்டிலிப்பாயோ அங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். அவ்வளவு தூரத்துக்கு அந்த டயர் ஒருபோதும் உத்தரவாதம் தரவில்லை. தந்தது நான்தான்.

இது புதிய சரக்கல்ல

இந்த யோசனை பழையது. பிரித்தானியாவின் டன்லொப் நிறுவனம் 1970களிலேயே 'டெனோவோ' என்ற பெயரில் இப்படியொரு டயரைச் சந்தைக்கு விட்டது. 1997இல் அமெரிக்காவின் ஷெவர்லே கோர்வெட் கார் ஸ்பெயார் வீல் இல்லாமல் ரன்பிளாட் டயருடன் வந்தது. 2000களில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தனது பல மாதிரிகளுக்கு இதையே பூட்டியது. நம் நாட்டில் இந்த டயரைப் பெரும்பாலும் பார்ப்பது பி.எம்.டபிள்யூ., மினி போன்ற கார்களில்தான்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு கதையும் இதில் உண்டு. மிஷெலின் நிறுவனம் 'பாக்ஸ்' என்ற வேறொரு முறையைக் கொண்டுவந்தது. டயருக்குள்ளே ஒரு வளையம் இருக்கும், காற்றுப் போனால் டயர் அந்த வளையத்தில் தங்கி ஓடும். 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் விற்ற ஹொண்டா ஒடிஸி வாகனத்தின் உயர்ந்த மாதிரியில் இதைப் பூட்டினார்கள். டயர் ஓடியது. ஆனால் அதைக் கழற்றிப் பூட்டும் விசேட இயந்திரம் எல்லாக் கடைகளிலும் இருக்கவில்லை. மாற்று டயர் விலையும் கூட. வாங்கியவர்கள் வழக்குத் தொடுக்கும் அளவுக்குப் போனது. சில ஆண்டுகளில் அந்த முறை கார்ச் சந்தையிலிருந்து மறைந்தது. பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பழுதுபார்க்கும் இடமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

நன்மைகள்

முதல் நன்மை பாதுகாப்பு. ஓட்டத்தில் திடீரெனக் காற்று இறங்கினாலும் வாகனம் சட்டென்று கட்டுப்பாட்டை இழக்காது. இரண்டாவது, ஆளரவமற்ற இடத்தில் நிற்க வேண்டியதில்லை. ஏ-9 வீதியில் இரவு நேரத்தில் ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் பஞ்சர் ஆகி, ஒரு கையில் டோர்ச் லைட்டும் மறு கையில் ஜேக்குமாக நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெண்களும் முதியவர்களும் வாகனத்தில் இருந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும். மூன்றாவது, ஸ்பெயார் வீலின் இடம் மிச்சம்.

தீமைகள்

விலை கணிசமாகக் கூட. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இறக்குமதி டயர் வாங்கியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பக்கச்சுவர் விறைப்பானது என்பதால் குழிகளில் குலுக்கல் கூட. டயரின் எடையும் கூட.

காற்றில்லாமல் ஓடிய டயரைத் திரும்பவும் பாவிக்கலாமா என்பது பெரிய கேள்வி. பல தயாரிப்பாளர்கள் பாவிக்க வேண்டாம் என்றே சொல்கிறார்கள். வெளியே நல்லதாகத் தெரியும். உள்ளே சூட்டில் வெந்து பலம் இழந்திருக்கும். ஆகவே ஒரு சிறிய ஆணி ஏறினாலும் முழு டயரையும் மாற்ற வேண்டி வரலாம்.

அடுத்தது, கழற்றிப் பூட்டும் சிரமம். விறைத்த பக்கச்சுவரை ரிம்மிலிருந்து எடுப்பதற்கு அதற்கேற்ற இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பினால் டயரும் போகும், ரிம்மும் போகும். நமது வாடிக்கையாளரின் கார் இன்னொரு லொறியில் ஏற்றப்பட்டுத்தான் சண்டிலிப்பாய்க்கு வந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது அந்த அளவு டயர் ஒன்றும் கையிருப்பில் இல்லை. கொழும்பிலிருந்து டயர் வந்து சேரும்வரை மூன்று நாள் கார் முற்றத்தில் நின்றது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த டயர் ஆணிக்குத் தாங்கும். பக்கச்சுவரே வெட்டுப்பட்டால் தாங்காது. கூரான கல்லோ கம்பியோ பக்கத்தைக் கிழித்துவிட்டால், சுமக்க வேண்டிய சுவரே போய்விட்டது அல்லவா?

எச்சரிக்கை விளக்கு இல்லாவிட்டால் ஆபத்து

சாதாரண டயரில் காற்றுப் போனால் ஸ்டியரிங்கிலேயே தெரியும். ரன்பிளாட்டில் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு இல்லாத வாகனத்துக்கு இந்த டயரைப் பூட்டக் கூடாது என்கிறார்கள்.

அந்த ஏற்பாடு இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் சிறிய கருவி இருந்து அழுத்தத்தை அறிவிக்கும். அதற்குள் பற்றரி உண்டு. ஆண்டுகள் போனால் அது செத்துவிடும். மற்ற வகை, சில்லு சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. காற்றுக் குறைந்த சில்லின் சுற்றளவு சிறிது குறைவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். நான்கு சில்லிலும் ஒரே அளவாகக் காற்றுக் குறைந்தால் இந்த வகைக்குத் தெரியாது. காற்று அடித்த பின்னர் இதைப் புதிதாகப் பதிந்துவிடவும் வேண்டும். பழைய கார் வாங்குவோர் டேஷ்போர்டில் அந்த விளக்கு வேலை செய்கிறதா, அல்லது முன்னைய சொந்தக்காரர் அணைத்து வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

நமக்கு எது பொருந்தும்?

சரக்கு ஏற்றும் பட்டா லொறிக்கும் ஹயேஸ் வானுக்கும் இந்தப் பேச்சே வேண்டாம். ரன்பிளாட் முக்கியமாகக் கார்களுக்கென்று செய்யப்பட்டது. பார வாகனத்துக்கு அதன் அளவுக்கும் பாரத்துக்கும் ஏற்ற நல்ல டயர், காற்றுள்ள ஸ்பெயார், வேலை செய்யும் ஜேக் இவை மூன்றும் இருந்தால் போதும். ஸ்பெயாரில் கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த சிறிய கார்கள் பலவற்றில் ஸ்பெயாரும் இல்லை, ரன்பிளாட்டும் இல்லை. பசை மருந்தும் சிறிய காற்றுப் பம்பும் கொண்ட ஒரு பெட்டி மட்டும் இருக்கும். அதையும் ரன்பிளாட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மருந்து சிறிய ஓட்டைக்கு மட்டும்தான் உதவும். அதற்குக் காலாவதித் திகதியும் உண்டு.

ரன்பிளாட் பூட்டிய கார் வைத்திருப்போர் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். கொழும்பு, கண்டி போன்ற நகரங்களிலும் அவற்றைச் சுற்றியும் ஓடுபவர்கள், உரிய கடை கிட்டத்தில் இருப்பதால் அதையே தொடரலாம். தூரத்து ஊர்களில் இருப்போர் அதே அளவுள்ள சாதாரண டியூப்லெஸ் டயருக்கு மாறலாம். மாறுவதென்றால் நான்கையும் மாற்றுங்கள். இரண்டு வகையையும் கலக்க வேண்டாம். கூடவே ஒரு ஸ்பெயார் வீலும் ஜேக்கும் காற்றுப் பம்பும் காரில் இருக்க வேண்டும். மாற்றுமுன் அந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக்கிடமும் காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பாவித்த டயர் வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. பக்கச்சுவரில் ஆர்.எஃப்.டி., ஆர்.ஓ.எஃப்., எஸ்.எஸ்.ஆர்., இஸட்.பி. என்ற எழுத்துகளில் ஏதாவது இருந்தால் அது ரன்பிளாட். நான்கு இலக்கங்கள் கொண்ட குறியீடும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆனால் பாவித்த ரன்பிளாட் முன்னர் காற்றில்லாமல் ஓடியதா என்பதை எந்த எழுத்தும் சொல்லாது. ஆகவே பாவித்த ரன்பிளாட்டை வாங்காதிருப்பதே புத்தி.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது சுருக்கம்தான். வேகத்தைக் குறையுங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பக்கச்சுவர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழியாவிட்டால் 80க்குள், முடிந்தால் இன்னும் மெதுவாக, அடுத்த பட்டினம் வரை போங்கள். வீடு வரை அல்ல, அடுத்த பட்டினம் வரை.

சண்டிலிப்பாய் நண்பர் இப்போது சாதாரண டயருக்கு மாறிவிட்டார். பின்பெட்டியில் ஸ்பெயார் வீல் இருக்கிறது. சாமான் வைக்க இடம் குறைந்தது உண்மைதான். "குலுக்கலும் குறைஞ்சிட்டுது, அம்மாவுக்கு நாரி நோகேல்லையாம்" என்றார். என்னோடு அவர் கோபிக்கவில்லை. கணக்கும் முன்போலவே நடக்கிறது. ஆனால் அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்குத்தான் வெட்கம். ஒரு பொருளைப் பற்றிக் கேட்பவருக்கு அது என்ன செய்யும் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். எந்த இடத்தில் நின்றுபோகும் என்பதையும் சொன்னால்தான் முழுதும் சொன்னதாகும். டயர் விற்பவருக்கு மட்டுமல்ல, சீமெந்து விற்பவருக்கும் சீலை விற்பவருக்கும் இதே கணக்குத்தான்.